கல்குடாக் கரையிற் பிளாஸ்டிக் கழிவு: தடுப்பு முயற்சிகள் பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீற்றர் தொலைவில், கோறளைப்பற்றுப் பகுதியில் அமைந்துள்ளது கல்குடா. அதனை அடுத்துள்ள பாசிக்குடா, முருகைக்கற் பாரினால் அலையின் வேகம் தணிக்கப்பெற்று, கரையிலிருந்து நெடுந்தூரம் வரை ஆழமின்றிக் கிடக்கும் குடாவாகும். 1978 நவம்பரில் வீசிய சூறாவளியாலும், நீண்ட போரினாலும், 2004 டிசம்பரில் எழுந்த ஆழிப்பேரலையாலும் நலிவுற்ற இக்கரை, 2009 இற் போர் ஓய்ந்தபின் உல்லாசப் பயணத்துறையின் கவனத்தை மீண்டும் பெற்றது. இன்று ஒரே கரையில் விடுதிகளும் உள்ளன. மீனவர் வாடிகளும் உள்ளன. விடுதி முன்றிலின் மணல் கூலியாட்களால் வாரிச் சுத்தஞ் செய்யப்படுகின்றது. வாடியின் முன்னுள்ள மணலை வாருதற்குக் கூலி கொடுப்பார் இலர். பிளாஸ்டிக் கழிவு பற்றிய பேச்சை இவ்வேறுபாட்டிலிருந்து தொடங்குதலே முறையெனத் தோன்றுகின்றது.

பாடசாலை மாணவரும், பிரதேச சபையினரும், கடல் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையினரும் இக்கரைகளிற் காலத்துக்குக் காலம் சிரமதான முறையிற் கழிவு பொறுக்கி வருகின்றனர். அவ்வுழைப்பைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயினும், பொறுக்கிய இடத்தில் மறுபடியும் கழிவு சேருமாயின், அது எவ்வழியால் வருகின்றது என்ற வினா எழவே செய்யும்.

கீழ்க்கரையின் மழை பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. நவம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை நீடிக்கும் இம்மாரியே வாவிகளை நிரப்பி, அவற்றின் முகத்துவாரங்களை அகலத் திறக்கச் செய்கின்றது. வரண்ட மாதங்களிற் சந்தைப் புறத்திலும், வடிகானிலும், வயல் வாய்க்காலிலும் தங்கிக் கிடக்கும் பைகள் அனைத்தும் முதல் வெள்ளத்தோடு புறப்பட்டு, வாழைச்சேனை வாவி வழியாகக் கடலை அடைகின்றன. கடல் அவற்றுள் ஒரு பகுதியை மீண்டும் கரையில் ஒதுக்குகின்றது. எனவே கல்குடாக் கரையிற் காணும் குப்பையைக் கல்குடாவாரின் குப்பை என்று கொள்ளுதல் தவறாகும். உள்நாட்டு வயற்கிராமமும் வாழைச்சேனை, ஓட்டமாவடிக் கடைத்தெருக்களும் அதிற் பங்குடையன.

இங்கே ஒரு கால ஒற்றுமை குறிப்பிடத்தக்கது. 1986 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய கடற்கரைத் துப்புரவு இயக்கம், பின்னர் உலகெங்கும் பரவி, செப்டெம்பர் மாதத்து மூன்றாஞ் சனிக்கிழமையை அதற்குரிய நாளாகக் கொண்டது. அந்நாளைத் தெரிந்தோர் எமது பருவக்காற்றை எண்ணித் தெரிந்தாரல்லர். எனினும் மாரிக்குச் சற்று முன்னர் வருவதால், கீழ்க்கரைக்கு அது மிகப் பொருத்தமான நாளாய் அமைந்துவிட்டது. ஆனால் அந்நாளில் மாணவர் கடற்கரைக்கே அழைத்துச் செல்லப்படுகின்றனர். அவருட் பாதிப் பேரைச் சந்தை வடிகானுக்கும் மதகடிக்கும் அனுப்பினால், பொறுக்கும் ஒவ்வொரு பையும் கடலுக்குச் செல்லுமுன் தடுக்கப்பட்ட பையாகும். வடிகானில் நின்று படம் எடுத்துக்கொள்ள எவரும் விரும்பார் என்பது வேறு விடயம்.

கரையிற் காண்பது கழிவின் முழுத்தோற்றமும் அன்று. பொலித்தீன், பொலிப்புறொப்பிலீன் ஆகியவை நீரினும் அடர்த்தி குறைந்தவை. ஆதலால் மிதந்து கரை சேர்கின்றன. சோடாப் போத்தல் செய்யப்படும் பெற் எனும் பிளாஸ்டிக்கின் அடர்த்தி நீரினதைப்போல் ஏறத்தாழ 1.38 மடங்கு. மூடியிட்ட வெறும் போத்தல் உள்ளிருக்கும் காற்றினால் மிதக்கும்; மூடி கழன்று நீர் புகுந்தால் அமிழ்ந்துவிடும். நைலோன் வலையும் அத்தகையதே. முன்னாளைப் பருத்தி வலை அறுந்து கடலில் வீழ்ந்தால் உக்கி அழிந்தது. நைலோன் வலை பாரிற் சிக்கி முருகைக்கல்லை மூடிக்கொண்டு பல்லாண்டு கிடக்கும், அதில் மீனும் அகப்பட்டு வீணே மடியும். சட்டத்தினால் தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை இவ்வகையில் இன்னும் கொடியது. மிதக்கும் பையை இழுதுமீனெனக் கருதி ஆமை விழுங்குதலையும், வெயிலாலும் அலையாலும் சிதைந்த துணுக்குகள் 5 மில்லிமீற்றரினுங் குறைந்த நுண்துகள்களாகி மீனின் குடலைச் சேர்தலையும் உயிரியலார் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளனர். மீனை நம்பி வாழும் ஊருக்கு இவை வயிற்றுப்பாட்டோடு தொடர்புடைய செய்திகள்.

பொலித்தீன் 1933 இல் இங்கிலாந்திற் கண்டறியப்பட்டது. கைபிடியுள்ள பை சுவீடன் நாட்டில் 1960 களில் உருவாக்கப்பட்டது. மட்டக்களப்பில் அது சொப்பின் பை என்னும் பெயரோடு வீடுதோறும் புகுந்து, பல பழம் பொருள்களை வெளியேற்றியது. நீர்நிலை ஓரத்துப் பன்னால் இழைத்த பைகள், பனையோலை உமல், வயலிற் சோறுண்ட தாமரையிலை ஆகியன அவற்றுட் சில. எருமைத் தயிர் மட்டும் இன்னும் மண்சட்டியை முற்றாகக் கைவிடவில்லை. சட்டியின் நுண்டுளைகள் நீரை உறிஞ்சுவதால் தயிர் இறுகும், சுவையும் கூடும். பழமையைப் போற்றும் எண்ணத்தால் அன்றி, பொருளுக்குப் பொருத்தமாய் இருந்தமையாலேயே சட்டி நிலைத்தது. மாற்றுப் பொருள் பற்றிப் பேசுவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

கடதாசிப் பையே தீர்வு என்பாருக்கும் இப்பகுதியிலேயே ஒரு பாடம் உண்டு. 1950 களின் நடுப்பகுதியில் வாழைச்சேனையில் நிறுவப்பட்ட காகித ஆலை, கீழ் மாகாண வயல்களின் வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. ஊர் வைக்கோல் ஊர்க் கடதாசியாவது சிறந்த ஏற்பாடே. ஆயின் வைக்கோலைக் காரமிட்டு அவித்தபின் எஞ்சும் கரிய கழிவுநீர், அதிலுள்ள சிலிக்காவின் மிகுதியால் மீளப் பயன்படுத்துதற்கு அரியது. அது வாவியைச் சேர்ந்து மாசுபடுத்தியது. ஒரு பொருள் உக்கக்கூடியது என்பதனால் மட்டும் அது தீதற்றதாகிவிடாது.

அரசு சட்டங்களை இயற்றாமலில்லை. 20 மைக்குரோனிலும் மெல்லிய பொலித்தீன் 2007 ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து தடைசெய்யப்பட்டது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் மாண்டபின், அவ்வாண்டு செப்டெம்பரிலிருந்து சோறு சுற்றும் பொலித்தீன் தாளும், ரெஜிபோம் உணவுப் பெட்டியும் தடைக்குள்ளாயின. உறிஞ்சுகுழாய், கரண்டி, இடியப்பத் தட்டு, பிளாஸ்டிக் மாலை முதலியன 2023 ஒக்டோபரிலும் தடைசெய்யப்பட்டன. 2025 நவம்பர் முதலாந் திகதியிலிருந்து கடைகளிற் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தல் ஆகாது என்ற கட்டளை வந்தது. இவற்றுட் கடைசிக் கட்டளையே எமக்குச் சிறந்ததாய்ப் படுகின்றது. ஏனைய தடைகள் உற்பத்தியாளரையும் பரிசோதகரையும் நம்பியிருப்பன. இது வாங்குவார் கையிற் கணக்கை வைக்கின்றது. எனினும் மீன்சந்தையில் ஈரமான பொருளுக்குப் பை வேண்டுமே. உமலும் பன்பையும் இழைக்கும் கைகள் குறைந்துபோன ஊரில், அம்முடையலுக்கு நியாயமான விலை கிடைத்தாலன்றி அவை திரும்பிவாரா.

தெற்கே அறுகம்குடாவில், பழைய அரிசிச் சாக்குகளைப் பைகளாகத் தைக்கும் தொழிலொன்று தோன்றி உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை அளித்தது. அதனைத் தொடர்ந்து விடுதிகளிற் சேரும் பிளாஸ்டிக் போத்தல்களைத் திரட்டிப் பயன்படுத்தும் திட்டமும் உருவாயிற்று. உல்லாசப் பயணிகள் வரும் கரையாதலால் கல்குடாவுக்கு இது நெருங்கிய முன்மாதிரி. கேரளத்துக் கொல்லம் மாவட்டத்திலுள்ள சக்திகுளங்கரைத் துறையில் 2017 இல் தொடங்கிய சுசித்துவ சாகரம் வேறு வகையினது. வலையில் மீனோடு அகப்படும் பிளாஸ்டிக்கை மீனவர் முன்னர் கடலிலேயே திரும்ப வீசுவர். அதனைக் கரைக்குக் கொணரும்படி படகுகளுக்குச் சாக்குகள் வழங்கப்பட்டன. பெண்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டு அதனைக் கழுவித் தரம் பிரித்தனர். இயந்திரத்தில் நறுக்கிய துண்டுகள் தாரோடு கலந்து வீதி போடுதற்குப் பயன்பட்டன. பிளாஸ்டிக்கைத் தாருடன் சேர்க்கும் இம்முறை மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இரா. வாசுதேவன் உருவாக்கியது.

அமிழ்ந்த பிளாஸ்டிக்கைத் தொடும் முயற்சி இவ்விரண்டனுட் கொல்லத்தினதே. வாழைச்சேனையிலும் மீன்பிடித் துறைமுகம் உண்டு; பலநாட் படகுகளும் மீனவர் சங்கங்களும் உண்டு. படகுக்கு ஒரு சாக்கு வழங்குதல் பெருஞ் செலவன்று. தரம் பிரிக்க ஒரு கொட்டகையும், பிரிப்போருக்கு மாதந் தவறாத கூலியும், நறுக்கியதை வாங்கிக்கொள்ளும் ஒரு வீதித் திணைக்களமும் தேவை. கொல்லத்தில் மீன்பிடித் திணைக்களமும் உள்ளூராட்சியும் சேர்ந்து அச்செலவை ஏற்றமையாலேயே சாக்குகள் நிரம்பின. கோறளைப்பற்றில் அதனை யார் ஏற்பது என்பதைப் பிரதேச சபையும், விடுதி உரிமையாளரும், மீனவர் சங்கங்களும் ஒருங்கிருந்து பேசவேண்டியுள்ளது. பேசுதற்குரிய காலம் மாரிக்கு முந்திய மாதங்களே.