கோபுரம் கட்டுமுன் கணக்குப் பார்ப்போம்

நீட் தேர்வின் முடிவுகள் வெளிவந்ததும் நம் பங்குகளிலுள்ள பல இல்லங்களில் ஒரே கவலை குடிகொள்ளுகிறது. பிள்ளைக்கு மருத்துவராக வேண்டுமென்ற ஆவல், மதிப்பெண்ணோ போதவில்லை. இன்னும் ஓர் ஆண்டு பயிற்சிக்கு அனுப்புவதா, வேறு படிப்பில் சேர்ப்பதா? அனுப்புவதானால் எங்கே, எவ்வளவு செலவில்?

பிள்ளைப்பாக்கம் போன்ற ஊர்களில் இக்கவலை தனிக் கூர்மை பெறுகிறது. ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த அவ்வூர் இன்று சிப்காட் தொழிற்பூங்காவால் அறியப்படுகிறது. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் நிறைந்துள்ள அவ்வட்டாரத்தில், கணவனும் மனைவியும் மாறிமாறி ஷிப்டு பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் பல. வயலை விற்ற பணத்தில் எஞ்சியதையோ, பல ஆண்டு ஓவர்டைம் உழைப்பில் வாங்கிய வீட்டுமனையையோ ஒரே ஆண்டுப் படிப்புக்காகப் பணயம் வைக்குமுன், அமர்ந்து கணக்குப் பார்ப்பது அவநம்பிக்கை ஆகாது. கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து தன் கையிருப்பை எண்ணிப் பார்ப்பான் என்று ஆண்டவரே உவமை கூறியிருக்கிறார். அதை எழுதிவைத்த புனித லூக்கா ஒரு மருத்துவர் என்பது திருச்சபையின் மரபு.

பிற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் நான்காண்டுப் பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரியில் நுழைய இயலும். இலக்கியமோ வரலாறோ படித்துப் பட்டம் பெற்றவர், பின்னர் மருத்துவராக விரும்பினால், ஓராண்டோ ஈராண்டோ முன்மருத்துவப் பயிற்சி பெறுகிறார். பிரின்மார் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கெனவே தனி வகுப்புகள் உள்ளன. கட்டணம் பல்லாயிரம் டாலர். ஆகவே அங்குள்ள குடும்பங்களும் நம்மைப் போலவே தயங்குகின்றன.

நம் நாட்டில் பிளஸ் டூ முடித்ததுமே மருத்துவப் படிப்பு தொடங்குகிறது. எனவே நம்மிடையே முன்மருத்துவ ஆண்டு என்பது பெரும்பாலும் 'ரிப்பீட்டர்' வகுப்பே. பி.எஸ்ஸி. பட்டம் பெற்ற பின்னரும் நீட் எழுதலாம். உச்ச வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. பிளஸ் டூவில் உயிரியல் படிக்காதவர் பின்னர் அப்பாடத்தைக் கூடுதலாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. கதவு திறந்திருக்கிறது என்பது நற்செய்தியே. ஆயினும் என்றும் மூடாத கதவின் முன் எத்தனை ஆண்டு நிற்பது என்பதை நாமே முடிவு செய்யவேண்டும்.

கடல் கடந்து செல்ல எண்ணுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பிலிப்பைன்ஸ் நாட்டில் முதலில் 'பி.எஸ்.' என்னும் முன்மருத்துவப் படிப்பும், அதன்பின் நான்காண்டு 'எம்.டி.' படிப்பும் நடைபெற்று வந்தன. செலவு குறைவென்று நம் பிள்ளைகள் பலர் அங்கே சென்றனர். 2021 நவம்பரில் வெளியான இந்திய விதிகளோ, மருத்துவப் படிப்பு மட்டுமே குறைந்தது 54 மாதம் இருக்கவேண்டும், அதே நிறுவனத்தில் 12 மாதம் பயிற்சி மருத்துவராகவும் பணியாற்றவேண்டும் என்று வரையறுத்தன. முன்மருத்துவப் படிப்பின் காலம் அந்த 54 மாதத்தில் சேராது. முகவரின் வாய்மொழியை நம்பிப் புறப்பட்ட பலர் கலங்கினர். எந்த நாடாயினும், முன்பணம் கொடுப்பதற்கு முன் இவ்விதிகளைப் படித்தறிவது பெற்றோரின் கடமை.

நான்கு கேள்விகள்

பயிற்சி மையம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்கவேண்டியவை நான்கு.

முதலாவது: எத்தனை பேரில் எத்தனை பேர்? "நாற்பது பேர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தனர்" என்ற விளம்பரம் கண்ணைக் கவரும். எண்பது பேரில் நாற்பதா, ஆயிரத்து அறுநூறு பேரில் நாற்பதா? இடையில் விலகியவர்களையும் சேர்த்துத்தான் கணக்கா? 'தகுதி பெற்றார்' என்பதற்கும் 'இடம் பெற்றார்' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேற்றுமை உண்டு. 2024ஆம் ஆண்டில் நீட் எழுதியோர் 23 இலட்சத்துக்கு மேல். தகுதி பெற்றோர் 13 இலட்சத்துக்கு மேல். நாடு முழுவதிலும் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு இலட்சத்துக்குச் சற்றே கூடுதல். அவற்றுள்ளும் ஏறத்தாழப் பாதியே அரசுக் கல்லூரிகளில்.

இரண்டாவது: படத்திலுள்ள பிள்ளை அங்கே என்ன படித்தது? முழு ஆண்டும் படித்ததா, மாதிரித் தேர்வுகள் மட்டும் எழுதியதா? வெற்றி பெற்றவர் படித்த வகுப்பையும் அதன் காலத்தையும் விளம்பரத்தில் குறிப்பிடவேண்டுமென 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறை வகுத்தது. ஆகவே துணிந்து கேட்கலாம்.

மூன்றாவது: இடையில் நிறுத்தினால் பணம் திரும்புமா? முழுக் கட்டணம் செலுத்தியவர் நடுவில் விலகினால் எஞ்சிய காலத்துக்குரிய தொகையைப் பத்து நாள்களுக்குள் திருப்பித் தரவேண்டுமென்று 2024 சனவரியில் மத்திய கல்வி அமைச்சகத்தின் வழிகாட்டுதல் கூறியது. எனினும் அதை எழுத்தில் பெற்றுக்கொள்வதே நன்று. இயன்றவரை தவணையாகச் செலுத்துக.

நான்காவது: சொல்லப்படும் தொகைக்கு மேல் என்னென்ன? வரி, விடுதி, உணவு, புத்தகம், தேர்வுத் தாள்கள், போக்குவரத்து ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள். தங்கிப் படிக்கும் வகுப்பாயின் ஓர் ஆண்டுச் செலவு இலட்சத்தைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டது.

கோபுரத்தின் முழுச் செலவு

பயிற்சிக் கட்டணம் அடித்தளத்தின் செலவு மட்டுமே. முழுக் கோபுரத்தின் செலவு வேறு. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சிப் பணியும் சேர்ந்ததே மருத்துவக் கல்வி. அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கல்விக் கட்டணம் ஆயிரங்களில் அடங்கும். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குச் சில இலட்சங்கள். நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இருபது இலட்சத்துக்கும் மேல். ஆகவே வினவவேண்டியது, "தேர்ச்சி பெறுமா?" என்பதன்று; "நம்மால் கட்டணம் செலுத்தக்கூடிய இடம் கிட்டுமளவுக்கு மதிப்பெண் உயருமா?" என்பதே. மொத்தம் 720. சென்ற ஆண்டின் கலந்தாய்வில் நம் பிரிவினருக்கு எந்த மதிப்பெண் வரை அரசு இடம் கிடைத்தது என்று பாருங்கள். இடைவெளி முப்பது நாற்பது மதிப்பெண்ணாயின் ஓர் ஆண்டு உழைப்புக்குப் பொருளுண்டு. இருநூறாயின், பிள்ளையின் ஆசிரியரோடு மனம்விட்டுப் பேசுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. அதைப் பலர் எழுதுவதில்லை. தம்பியின் பயிற்சிக்காக அக்காள் பிளஸ் டூவோடு நின்று தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுகிறாள். அவளுடைய மாதச் சம்பளம் அப்படியே பயிற்சி மையத்துக்குச் செல்லுகிறது. அவளும் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவளன்றோ? அவளுக்கும் படிக்கும் ஆசை இருந்திருக்குமன்றோ? மகளின் திருமணத்துக்கென்று நகையைப் பூட்டிவைத்து, மருத்துவம் படிக்க விரும்பும் அவளையே தடுப்பதும் இத்தகைய அநீதியே. ஒரு பிள்ளையின் கோபுரத்துக்கு மற்றொரு பிள்ளையின் வாழ்வைச் செங்கல்லாக்குதல் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அழகன்று.

அறியாமல் விடப்படும் கதவுகள்

தொழிலாளர் குடும்பங்கள் பல அறியாத வழி ஒன்றுண்டு. தொழிற்சாலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் தொழிலாளியின் பிள்ளைகளுக்கு, இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரிகளில் தனி ஒதுக்கீடு உண்டு. அத்தகைய கல்லூரியொன்று சென்னைக் கலைஞர் கருணாநிதி நகரிலேயே இருக்கிறது. நீட் தகுதியும், போதிய காலம் சந்தா செலுத்திய சான்றும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியாயினும், பிடித்தம் முறையாகக் கட்டப்படுகிறதா என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு, 2020ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்குகிறது. அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. நம் மறைமாவட்டங்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் மாணவர்களுக்கு இச்சலுகை பொருந்தாது என்பதையும் பெற்றோர் அறிதல் வேண்டும்.

பெங்களூரில் ஆயர் பேரவை 1963இல் நிறுவிய புனித யோவான் மருத்துவக் கல்லூரியில் கத்தோலிக்கருக்கு இடங்கள் உண்டு. படிப்பு முடித்தவர் ஈராண்டு சிற்றூர்ப் பணி ஆற்றவேண்டுமென்பது அங்குள்ள உடன்படிக்கை. இக்கல்லூரியின் பின்னே ஒரு கன்னியரின் கனவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மருத்துவம் பயின்ற மேரி க்ளவ்ரி 1920இல் குண்டூருக்கு வந்து, துறவியாகி, எண்ணற்ற ஏழைத் தாய்மார்க்குப் பணிபுரிந்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தோற்றுவித்து, நம் நாட்டில் ஒரு கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி எழவேண்டுமென விரும்பினார். அதைக் காணாமலே 1957இல் இறைவனடி சேர்ந்தார். மருத்துவம் என்பது போட்ட முதலை நோயாளியிடமிருந்து மீட்கும் வாணிபமன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று. பெருங்கடனோடு படித்து வெளிவரும் இளைஞன் ஏழையின் பக்கம் நிற்பது எவ்வளவு அரிது!

எல்லையை முன்பே வகுப்போம்

ஆகவே முடிவெடுக்கும் நாளில் குடும்பமாக அமர்ந்து செபித்துவிட்டு, ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: எத்தனை ஆண்டு, எவ்வளவு பணம், கிட்டாவிடில் அடுத்தது என்ன. எங்கள் எண்ணத்தில் ஓர் ஆண்டே போதும். மதிப்பெண் தெளிவாக உயர்ந்திருந்தால் மட்டும் மறு ஆண்டைப் பற்றிப் பேசலாம். குடியிருக்கும் வீட்டை அடகு வைக்கவேண்டாம். செவிலியர் படிப்பு, இயன்முறை மருத்துவம், மருந்தியல் யாவும் நோயாளியின் அருகே நிற்கும் அழைத்தல்களே. தோற்றவர்க்குரிய மீதி என்று அவற்றைப் பேசாதிருப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "உனக்காக எவ்வளவு செலவழித்தோம்!" என்ற சொல் நம் வாயில் வரவே வேண்டாம். தேர்வுத் துயரம் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளின் செய்திகள் பலமுறை வந்துவிட்டன. பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பேசாமல் ஒதுங்கினால் உடனே அருகமருங்கள். 14416 என்ற எண்ணில் இலவச மனநல ஆலோசனையும் கிட்டும். கோபுரம் எழாவிடினும் குடும்பம் நிலைத்திருக்கவேண்டும். நாசரேத்தூரின் தச்சர் இல்லத்தில் வளர்ந்த ஆண்டவர், உழைக்கும் நம் இல்லங்களுக்குத் தெளிந்த அறிவையும், பிள்ளைகளுக்குத் திடமனத்தையும் அருள்வாராக!