பொதியிலும் வேண்டும் அக்கறை

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா தொழிற்சாலைகளிலிருந்து லொறிகளில் இறங்கும் தேயிலை, 1883 முதல் நடைபெற்றுவரும் கொழும்பு ஏலத்தில் விலைபோய்க் கடல் கடக்கிறது. உலர்த்திய தேயிலையில் எஞ்சும் ஈரப்பதன் சுமார் 3 சதவீதமே. ஆதலால், அது சுற்றியுள்ள ஈரத்தையும் மணத்தையும் எளிதில் உறிஞ்சிவிடுகிறது. ஒட்டுப்பலகைப் பெட்டிகளின் இடத்தைப் பல்லடுக்குக் கடதாசிப் பைகள் பிடித்துவிட்ட நிலையில், பொதியைச் சரியாமல் காப்பது மேலும் முக்கியமாகியுள்ளது.

மரத்தட்டில் அடுக்கிய பைகளை இழுபடும் பொலித்தீன் தாளால் சுற்றுவது இன்றைய முறை. இழுத்த தாள் மீண்டும் சுருங்க முயல்வதாலேயே பைகள் இறுகி நிற்கின்றன. சுற்று, தட்டையும் சேர்த்து அடியிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லையேல் சுமை தட்டைவிட்டு நழுவும். ஒவ்வொரு சுற்றும் முந்தியதன்மேல் பாதியளவு படிவது நன்று. அளவுமீறி இறுக்கினால் பைகளின் ஓரம் நசுங்கும்.

ஆயினும், இத்தாள் ஈரத்துக்கு முழுமையான காப்பன்று. மரத்தட்டு ஈரமாயிருப்பின் அந்த ஈரம் உள்ளேயே அடைபடும். பயணத்தில் வெப்பமும் குளிரும் மாறிவர, கொள்கலன் கூரையில் நீர் துளிர்த்துச் சொட்டுவதும் உண்டு. எனவே, உலர்ந்த தட்டுகளும் ஈரமுறிஞ்சிகளும் அவசியம்.

பூஞ்சணம் பிடித்த பொதியோடு வீணாவது, மழையிலும் பனியிலும் கொழுந்து பறித்தவர்களின் உழைப்பாகும். கொழுந்தின் தரத்தில் காட்டப்படும் கண்டிப்பு, பொதி கட்டுவோருக்கான பயிற்சியிலும் காட்டப்பட வேண்டுமென வலியுறுத்துகிறோம்.