கோப்பை வென்ற 12 பேரில் மிஞ்சியது 3 பேர்: 2023 சிஎஸ்கேவும் 2026 சிஎஸ்கேவும் ஒரே அணிதானா?

ஏனாத்தூர் கல்லூரிச் சாலைப் பக்கம் சாயங்காலம் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் பசங்களைப் பார்த்தால், பாதிப் பேர் மஞ்சள் ஜெர்சியில்தான் இருப்பார்கள். அதில் ஒரு பையன் முதுகில் ஜடேஜா பெயரும் 8-ம் நம்பரும். "அண்ணா, இதை இனிமே போடலாமா, கூடாதா?" என்று அவன் கேட்டது விளையாட்டாகத்தான். ஆனால் சிஎஸ்கே ரசிகர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி இப்போது இருக்கிறது. நாம் கொண்டாடிய அணி இதுதானா? பெயரும் நிறமும் மட்டும்தான் மிச்சமா?

அந்த 12 பேர் எங்கே?

2023 மே 29. அகமதாபாத்தில் மழையால் ரிசர்வ் நாளுக்குத் தள்ளிப்போன இறுதிப் போட்டி, நள்ளிரவைத் தாண்டித்தான் முடிந்தது. குஜராத் 214 ரன்கள். மழைக்குப் பிறகு சென்னைக்கு 15 ஓவரில் 171 இலக்கு. கடைசி 2 பந்தில் 10 ரன் தேவை. மோகித் சர்மா பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். ஐந்தாவது கோப்பை!

அன்று இம்பாக்ட் வீரரையும் சேர்த்து சென்னைக்காக ஆடியவர்கள் 12 பேர்: ருதுராஜ், கான்வே, ரஹானே, ராயுடு, துபே, மொயீன் அலி, ஜடேஜா, தோனி, தீபக் சாஹர், துஷார் தேஷ்பாண்டே, தீக்‌ஷனா, பதிரனா.

2026 சீசனுக்கான அணியில் இவர்களில் இருப்பது ருதுராஜ், துபே, தோனி. அவ்வளவுதான்.

ராயுடு அந்த இறுதிப் போட்டியோடு ஓய்வு பெற்றார். 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் சாஹர் மும்பைக்கும், தேஷ்பாண்டேவும் தீக்‌ஷனாவும் ராஜஸ்தானுக்கும், ரஹானேவும் மொயீனும் கொல்கத்தாவுக்கும் போனார்கள். கான்வேயையும் பதிரனாவையும் 2025 நவம்பரில் சிஎஸ்கேவே விடுவித்தது. பதிரனாவை அடுத்த மாதமே 18 கோடிக்குக் கொல்கத்தா எடுத்துக்கொண்டது. ஜடேஜா, சாம் கரன் இருவரையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை.

"போன தடவையும் இப்படித்தானே எழுந்து வந்தோம்?"

ரசிகர்கள் சொல்லும் ஆறுதல் இது. 2020-ல் 7-ம் இடம், 2021-ல் சாம்பியன். 2022-ல் 14 ஆட்டங்களில் 4 வெற்றியோடு 9-ம் இடம், 2023-ல் சாம்பியன். 2025-லும் அதே 14 ஆட்டம், அதே 4 வெற்றி, இந்த முறை கடைசி இடம். அப்போ 2026-ல் கப்பு நமக்குத்தானே?

கணக்கு கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு ஓட்டை தெரியும்.

2023 இறுதிப் போட்டியில் ஆடிய 12 பேரில் 11 பேர், 9-ம் இடம் பிடித்த 2022 அணியிலேயே இருந்தவர்கள். புதுசாக வந்தவர் ரஹானே மட்டும். 2021 இறுதிப் போட்டியில் ஆடிய 11 பேரிலும் 9 பேர் 2020 அணியில் இருந்தவர்கள்தான். மொயீன், உத்தப்பா இருவர் மட்டுமே புதிது.

அதாவது சிஎஸ்கே அந்த இரண்டு முறையும் அணியை மாற்றி ஜெயிக்கவில்லை. தோற்ற அணியை வைத்துக்கொண்டே ஜெயித்தது. 2022-ல் காயத்தால் ஒரு ஆட்டம்கூட ஆடாத தீபக் சாஹர் 2023-ல் திரும்பி வந்தார். சீசன் நடுவே ஜடேஜாவிடமிருந்து தோனிக்குக் கைமாறிய கேப்டன்சி குழப்பம் தீர்ந்தது. 2019-க்குப் பிறகு முதல் முறையாகச் சேப்பாக்கத்தில் ஆட வாய்ப்பு கிடைத்தது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பாவு அப்படியே இருந்தது. ஊடையில்தான் ஒரு நூல் மாறியது. இந்த முறை பாவையே புதுசாகப் பூட்டியிருக்கிறார்கள்.

ஆகவே 2023-ஐ உதாரணம் காட்டி 2026-க்கு நம்பிக்கை வைக்க முடியாது. நம்பிக்கை வைக்க வேறு காரணம் வேண்டும். அது இருக்கிறதா?

இடத்துக்கு இடம் ஒப்பிட்டால்...

தொடக்க ஜோடி: 2023-ல் கான்வே 672, ருதுராஜ் 590. இரண்டு பேரும் சேர்ந்து 1,262 ரன்கள். பின்னால் வருபவர்கள் பயமில்லாமல் அடித்ததற்கு இதுதான் அஸ்திவாரம். இப்போது ருதுராஜோடு சாம்சனும் 18 வயது ஆயுஷ் மாத்ரேவும் இருக்கிறார்கள். காயம்பட்ட ருதுராஜுக்குப் பதிலாக 2025-ல் நடுவில் வந்த மாத்ரே, பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94 அடித்தார். வேகம் கூடியிருக்கிறது. நிதானம் இனிமேல்தான் தெரியும்.

நடு வரிசை: அன்று ரஹானே, ராயுடு, துபே. இன்று துபேவோடு 22 வயது டெவால்ட் பிரெவிஸ், சர்ஃபராஸ் கான், கார்த்திக் சர்மா. இங்கே பெரிய குறை சொல்ல முடியாது.

சுழல்: 2025-ல் அணியே தடுமாறியபோதும் நூர் அகமது 24 விக்கெட் எடுத்தார். ராகுல் சாஹர், அகீல் ஹுசைன் கூடுதல் பலம். சுழற்பந்தை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 2023-க்கு இது குறைந்ததில்லை.

கடைசி ஓவர்கள்: 2023-ல் பதிரனா 19, தேஷ்பாண்டே 21 விக்கெட். இப்போது கலீல் அகமது, அன்ஷுல் கம்போஜ், மேட் ஹென்றி. புதுப் பந்தில் நல்ல ஆட்கள். ஆனால் 18-வது ஓவருக்கு யோசிக்காமல் பந்தைத் தூக்கிக் கொடுக்க ஒரு பதிரனா இல்லை.

ஆல்ரவுண்டர்: உண்மையான பள்ளம் இதுதான். ஜடேஜா அந்த சீசனில் 20 விக்கெட் எடுத்தவர். கோப்பையை வென்று தந்த கடைசி 2 பந்தும் அவருடையது. ஒரே ஆள் இரண்டு இடத்தை அடைத்ததால்தான் அணியில் எட்டாவது ஆள் வரை பேட்டிங் இருந்தது, பந்து வீசவும் ஆள் மிச்சம் இருந்தது. அந்த இடத்துக்குத்தான் உத்தரப்பிரதேசத்தின் இடதுகை சுழல் ஆல்ரவுண்டர், 20 வயது பிரசாந்த் வீரை 14.20 கோடிக்கு வாங்கியிருக்கிறார்கள். ராஜஸ்தானைச் சேர்ந்த 19 வயது விக்கெட் கீப்பர் பேட்டர் கார்த்திக் சர்மாவுக்கும் அதே 14.20 கோடி. சர்வதேசப் போட்டியில் ஆடாத வீரர்களுக்கு ஐபிஎல் ஏலத்தில் கொடுக்கப்பட்ட அதிகபட்ச விலை இது. ஏலத்துக்குக் கொண்டுபோன 43.40 கோடியில் 28.40 கோடி இந்த இரண்டு பேருக்கே போய்விட்டது.

விலை சொல்லாத விஷயம்

2023-ல் ரஹானே வாங்கப்பட்டது 50 லட்சத்துக்கு. இறுதிப் போட்டியின் ஆட்டநாயகன் கான்வே 1 கோடி. தேஷ்பாண்டே 20 லட்சம். 16.25 கோடிக்கு வந்த பென் ஸ்டோக்ஸ் ஆடியதோ 2 ஆட்டம்! கோப்பை வென்றது விலையால் இல்லை. யாருக்கு என்ன வேலை என்பது அவரவருக்குத் தெரிந்திருந்தது, ஒரு ஆட்டம் சொதப்பினாலும் அடுத்த ஆட்டத்தில் அதே வேலை கொடுக்கப்பட்டது.

2025-ல் காணாமல் போனது இதுதான். சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டங்களில் 5 தோல்வி. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103.

இது சென்னைக்கு மட்டும் நடப்பதா?

இல்லை. கனடாவின் டொரண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியைப் பாருங்கள். ஸ்கார்பரோவில் வாழும் நம் ஆட்கள் பலருக்கு அதுதான் சொந்த ஊர் அணி. 2019 ஜூன் 13-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை 4-2 என வீழ்த்தி என்பிஏ சாம்பியன் ஆனது. அந்த அணியில் கடைசியாக மிஞ்சியிருந்த கிறிஸ் பூஷேவும் 2025-ல் பாஸ்டனுக்குப் போய்விட்டார். இப்போது மீதி பூஜ்யம்.

அதில் ஒரு பாடம் இருக்கிறது. இறுதிப் போட்டி நாயகன் கவாய் லெனர்ட் அடுத்த மாதமே ஒப்பந்தம் முடிந்து கிளம்பினார். டொரண்டோவுக்குப் பதிலாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 2023 டிசம்பரில் அனுனோபியை நியூயார்க்குக்குக் கொடுத்தபோது ஆர்.ஜே. பாரெட், இம்மானுவேல் க்விக்லி என இரண்டு முக்கிய வீரர்கள் வந்தார்கள்.

சிஎஸ்கேவுக்கும் இரண்டு விதமும் நடந்திருக்கிறது. மெகா ஏலத்தில் ஒரு அணி தக்கவைக்க முடிந்தது அதிகபட்சம் 6 பேரை. சாஹரும் தேஷ்பாண்டேவும் போனபோது கைக்கு வந்தது ஏலப் பணத்தில் கொஞ்சம் இடம் மட்டும். ஜடேஜா போனபோது சாம்சன் வந்தார். மனசுக்கு வலித்தது ஜடேஜா போனதுதான். கணக்குப்படி நஷ்டம் கம்மியானதும் அதில்தான்.

எதைக் கவனிக்கலாம்?

முதல் சில ஆட்டங்களில் புள்ளிப்பட்டியலை விட்டுவிட்டு மூன்று விஷயங்களைப் பாருங்கள். பிரசாந்த் வீருக்குத் தொடர்ந்து ஓவரும் பேட்டிங்கும் கொடுக்கிறார்களா? 18, 20-வது ஓவர்களை ஒரே ஆள் போடுகிறாரா, ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறதா? ஒரு தோல்விக்குப் பிறகு அணியில் எத்தனை பேர் மாறுகிறார்கள்? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், 2023-ல் இருந்து ஆட்கள் வராவிட்டாலும் பழக்கம் வந்திருக்கிறது என்று அர்த்தம். கேப்டன் ருதுராஜும் பயிற்சியாளர் ஃப்ளெமிங்கும் அந்தப் பழக்கத்தை உள்ளேயிருந்து பார்த்தவர்கள். 44 வயது தோனி இன்னும் அதே டிரெஸ்ஸிங் ரூமில் இருக்கிறார்.

ஏனாத்தூர் தம்பிக்குப் பதில்: தாராளமா போடுப்பா. அந்த 2 பந்து யாரோடும் டிரேடில் போகவில்லை.