பிள்ளையின் வயிற்றுவலியும் இரத்தப் பரிசோதனையும்

சகோதரிகளே! பிள்ளை வயிறு வலிக்கிறது என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? பூச்சி மருந்து கொடுப்போம். இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் கொடுப்போம். கண்ணூறாக இருக்கும் என்று ஓதிப் பார்ப்போம். பெரும்பாலான வயிற்றுவலி சில நாட்களில் தீர்ந்தும் விடுகிறது. ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அது வைத்தியத்துக்குப் பதிலாகிவிடக் கூடாது.

வலியும் வயிற்றோட்டமும் வாரக்கணக்கில் நீடித்தால், மலத்தில் இரத்தம் கண்டால், பிள்ளை இரவில் தூக்கம் கலைந்து மலங்கழிக்க எழும்பினால், உடல் மெலிந்தால், உயரம் கூடாமல் நின்றுவிட்டால் தாமதிக்கக் கூடாது. அடிக்கடி வாய்ப்புண், மூட்டுவலி, காரணம் தெரியாத காய்ச்சல் என்பனவும் எச்சரிக்கைகளே. வகுப்பில் ஒரு பிள்ளை அடிக்கடி வெளியே போகக் கேட்டால், “பாடத்துக்குக் கள்ளம்” என்று ஏசுமுன் ஆசிரியர்களும் சற்று யோசிக்க வேண்டும்.

இந்த அடையாளங்களுக்குப் பின்னால் இருக்கக்கூடிய நோய்களில் ஒன்றுதான் குடல் அழற்சி நோய். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி சொந்தக் குடலையே தாக்கிப் புண்ணாக்குவது இது. பெருங்குடலில் மட்டும் வருவதை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பர். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடியது குரோன்ஸ் நோய். 1932இல் நியூயோர்க்கில் இதை விவரித்து எழுதிய வைத்தியர்களில் ஒருவரான குரோனின் பெயரே இதற்கு வந்தது. இது தொற்றுநோயல்ல. தாய் சமைத்த சாப்பாட்டின் குற்றமும் அல்ல.

நம் நாட்டில் இது அரிதானது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் வைத்தியசாலைகளை வைத்துச் செய்து 2010இல் வெளியான கணக்கெடுப்பில், ஒரு லட்சம் பேருக்கு 5.3 பேரிடம் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் 1.2 பேரிடம் குரோன்ஸ் நோயும் காணப்பட்டன. ஆகவே ஒவ்வொரு வயிற்றுவலிக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அரிதான நோய் என்பதாலேயே அது கண்டுபிடிக்கப்படாமல் காலம் கடந்துவிடுவதும் உண்டு.

வைத்தியர் எழுதித் தரும் இரத்தப் பரிசோதனைகள் எதைப் பார்க்கின்றன? ஈ.எஸ்.ஆர். என்பது, ஒடுங்கிய குழாயில் நிறுத்திய இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் கீழிறங்குகின்றன என்ற அளவு. உடலில் அழற்சி இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி வேகமாக இறங்கும். சி.ஆர்.பி. என்பது ஈரல் உண்டாக்கும் ஒரு புரதம். 1930இல் நியூமோனியா நோயாளரின் இரத்தத்தில் முதலில் கண்டறியப்பட்டது. அழற்சி தொடங்கிய சில மணி நேரத்திலேயே இது கூடும். அழற்சி தணிந்தால் விரைவாகக் குறையும். இவற்றோடு ஹீமோகுளோபினும் அல்புமின் என்ற புரதமும் குறைந்திருக்கின்றனவா, பிளேட்லெட் அணுக்கள் கூடியிருக்கின்றனவா என்றும் பார்ப்பார்கள்.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, ஈ.எஸ்.ஆர். கூடிவிட்டது என்று வீடே கலங்குவது. சாதாரணக் காய்ச்சலிலும், காசநோயிலும், இரத்தச் சோகையிலும் அது கூடும். இந்த நோய்க்கு மட்டும் உரிய அடையாளம் அல்ல அது.

மற்றது இதைவிட ஆபத்தானது. “இரத்தம் சுத்தம், ஒன்றுமில்லை” என்று ரிப்போட்டை மடித்து வைத்துவிடுவது. புதிதாக நோய் கண்ட பிள்ளைகளைப் பற்றி 2007இல் வெளியான ஓர் ஆய்வில் ஹீமோகுளோபின், பிளேட்லெட், அல்புமின், ஈ.எஸ்.ஆர். ஆகிய நான்கும் பார்க்கப்பட்டன. இலேசான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 54 பேருக்கும், இலேசான குரோன்ஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கும் நான்குமே சரியாக இருந்தன! இரத்தம் நல்லதாக இருந்தாலும் பிள்ளையின் அடையாளங்கள் தொடர்ந்தால் விட்டுவிடாதீர்கள்.

இரத்தம் காட்டாததை மலம் காட்டக்கூடும். குடலில் அழற்சி இருந்தால் வெள்ளையணுக்களில் உள்ள கல்ப்ரொடெக்டின் என்ற புரதம் மலத்தில் கூடும். கிருமித் தொற்றிலும் இது கூடும் என்பதால், வயிற்றளைச்சல் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். முடிவான பதில், கமரா பொருத்திய குழாயால் குடலைப் பார்த்து, சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பதில்தான் கிடைக்கும். பிள்ளை வலி உணராதபடி மயக்க மருந்து கொடுத்தே இதைச் செய்வார்கள். நம் பகுதிகளில் குடல் காசநோயும் குரோன்ஸ் நோய் போலவே தோற்றும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. அதனால் இந்தப் பரிசோதனைக்கு மறுக்காதீர்கள்.

கண்டி, அக்குறணை, மடவளை, கம்பளைப் பக்கத்துத் தாய்மாருக்குப் பேராதனையில் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போகும்போது பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் பழைய ரிப்போட்டுகள் அனைத்தையும் கொண்டு போங்கள். நிறையும் உயரமும் ஏறாமல் நின்ற மாதம் எந்த இரத்தப் பரிசோதனைக்கும் குறையாத சாட்சி. நாளைக்கு எத்தனை முறை மலம் போகிறது, இரத்தம் உண்டா, இரவில் எழும்புகிறதா என்று இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறித்தும் வையுங்கள். ஆனால் இரத்தம் கண்டால் இரண்டு வாரம் காத்திராமல் உடனே போக வேண்டும்.

இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. அடக்கி வைக்க நல்ல மருந்துகள் உண்டு. குரோன்ஸ் உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 8 வாரம் வரை விசேட திரவ உணவு மட்டும் கொடுத்தே அழற்சியைத் தணிப்பதும் உண்டு. சி.ஆர்.பி. இறங்கிவிட்டது என்று நீங்களாக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ரமழானில் ஆசைப்பட்டு நோன்பு பிடிக்கும் பிள்ளை என்றால் வைத்தியரைக் கேட்டே முடிவு செய்யுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை வீட்டார் பறிக்க வேண்டாம்.