பனியாற்றின் கரையில் கொதிக்கும் தண்ணீர்

இமாச்சலத்தில் மணிகரண் பாலத்தின் மேல் நின்றால் எவருக்கும் ஒரு கேள்வி எழும். கீழே ஓடுவது பார்வதி ஆறு. பனி உருகி வந்த தண்ணீர்; காலை வைத்தால் எலும்பு வரை குத்தும். அந்த ஆற்றை ஒட்டிய பாறையிலிருந்தே சோறு வேகும் சூட்டில் வெந்நீர் பீறிட்டு வருகிறது. ஆவி பாலத்தையே மறைக்கிறது. அடியில் எரிமலை ஏதும் இருக்கிறதா, கந்தகம் எரிகிறதா என்று கேட்காமல் திரும்புகிறவர்கள் குறைவு. டீக்குச் சொல்லிவிட்டு உட்காருங்கள், இதை நிதானமாகவே பார்க்கலாம்.

எரிமலையும் கிடையாது, கந்தகம் எரிவதும் இல்லை. இந்தியாவில் உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை அந்தமான் கடலில் பேரன் தீவில் இருக்கிறது. இமயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மணிகரணில் கொதிப்பது, மேலே சிகரங்களில் விழுந்த அதே மழையும் பனியும்தான். பாறை இடுக்குகளில் கசிந்து, ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லக் கீழே இறங்கிய தண்ணீர். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சூடு ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி வரை கூடும். மூன்று கிலோமீட்டர் ஆழம் போனாலே கொதிக்கிற அளவுக்கு வந்துவிடும். இமயத்தில் இன்னும் இரண்டு காரணங்கள் சேர்கின்றன. மலை இன்றும் உயர்ந்துகொண்டிருக்கிறது. மழையும் பனியாறுகளும் மேல்பக்கத்தை வேகமாகச் சுரண்டுவதால் ஆழத்தில் இருந்த சூடான பாறை மேற்பரப்பை நெருங்கி வருகிறது. அங்குள்ள கருங்கல் பாறைகளில் யுரேனியமும் தோரியமும் கலந்திருக்கின்றன. அவை சிதையும்போது வெளிவரும் வெப்பமும் கூடவே சேர்கிறது.

சரி, சூடான தண்ணீர் ஏன் மேலே வரவேண்டும்? வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே புகுந்த இடம் நாலாயிரம், ஐயாயிரம் மீட்டர் உயரத்தில். ஊற்று இருப்பதோ அதற்கு வெகு கீழே, பள்ளத்தாக்கின் அடியில். அந்த உயர வித்தியாசம் தருகிற அழுத்தம்தான் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வருகிறது. சூடான தண்ணீர் கனம் குறைந்தது என்பதும் உதவுகிறது. ஆனால் அழுத்தம் மட்டும் போதாது, வழி வேண்டும். இறங்குவது ஆயிரம் மெல்லிய இடுக்குகள் வழியாக. ஏறுவது ஒரு பெரிய பிளவு வழியாக. இந்தியத் தட்டு ஆசியாவை முட்டத் தொடங்கிய சுமார் ஐந்து கோடி ஆண்டுகளாக இந்த மலைகள் மடிந்தும் உடைந்தும் வந்திருக்கின்றன. அப்படி உடைந்த கோட்டில் தண்ணீர் விரைவாக ஏறிவிடுவதால்தான் வழியில் ஆறிப்போகாமல் வந்து சேர்கிறது.

இமய வெந்நீர் ஊற்றுகளைச் சிகரத்தில் தேடினால் கிடைக்காது. மணிகரண் பார்வதி ஆற்றங்கரையில். தத்தாபானி சட்லெஜ் கரையில். பத்ரிநாத்தின் தப்த குண்டம் அலக்நந்தா கரையில். உடைந்த பாறையை ஆறு எளிதில் அரித்துத் தன் வழியாக்கிக்கொள்கிறது. ஆழமாக வெட்டப்பட்ட அந்த அடித்தளத்தில்தான் வெந்நீரும் வெளியேறுகிறது. மலையில் சாலை போடுகிறவருக்கும் ஆற்றை விட்டால் வேறு போக்கு இல்லை. ஆகவே இந்த மலைச்சாலையில் போகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, பூமியின் ஒரு வெடிப்பை ஒட்டியே போய்க்கொண்டிருக்கிறார். இது மனத்தில் பட்ட பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்க்கிற பார்வையே வேறாகிவிடும் என்பது என் எண்ணம்.

பியாஸும் பார்வதியும் கூடும் இடம் புந்தர். அங்கிருந்து மணிகரண் சுமார் 35 கிலோமீட்டர். தூரம் சொற்பம், நேரம் அதிகம் பிடிக்கும். ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டிய பாறை, மறுபக்கம் ஆறு. எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் அகலமான இடம் வரை பின்னால் எடுத்தாக வேண்டும். ஜரியைத் தாண்டியதும் தேவதாரு மரங்கள் நெருங்குகின்றன. காசோலில் கடைகளும் கூட்டமும். அங்கிருந்து சில நிமிடங்களில் மணிகரண். காசோலிலேயே தங்கிவிட்டு மணிகரணை அரைமணி நேரத்தில் பார்த்துவிட்டு ஓடுவதுதான் இப்போது பலரின் வழக்கம். அது போதாது.

குருத்வாராவை ஒட்டிய குளத்தருகே காலையில் நின்று பாருங்கள். அரிசியையும் கொண்டைக்கடலையையும் மெல்லிய துணியில் முடிந்து, நூலைப் பிடித்தபடி யாத்திரிகர்கள் தண்ணீருக்குள் இறக்குகிறார்கள். லங்கர் எனும் குருத்வாராவின் பொதுப் பந்திக்கான பெரிய பாத்திரங்களும் அந்தக் கொதியில்தான் இறங்குகின்றன. மணிகரண் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,760 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊற்றின் சூடும் அதை ஒட்டியதே. அரிசியின் மாவுச்சத்து 70 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கிவிடும் என்பதால் சோற்றுக்கு இது தாராளம். கடலைதான் பொறுமையைச் சோதிக்கும். துணியை அவிழ்த்ததும் வரும் சோற்றில் புகைவாசம் துளியும் இருக்காது. பருக்கை பருக்கையாக, பளிச்சென்று இருக்கும்.

குளத்து விளிம்பையும் கவனியுங்கள். வெள்ளையும் பழுப்புமாக ஒரு படிவு கெட்டிப்பட்டிருக்கும். ஆழத்தில் அழுத்தத்தில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியே வந்ததும் பறந்துவிட, தண்ணீரால் சுண்ணாம்பைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் போகிறது; அது விளிம்பில் தங்கிவிடுகிறது. கரைந்திருக்கும் சிலிக்காவின் அளவைப் பார்த்து, அடியாழத்தில் தண்ணீர் எத்தனை சூட்டில் இருந்தது என்றுகூட வேதியியலாளர்கள் கணக்கிடுகிறார்கள். சூடு கூடக் கூடப் பாறையிலிருந்து கரையும் சிலிக்காவும் கூடும்.

பார்வதி தேவியின் காதணி தண்ணீரில் விழுந்தது, ஆதிசேஷன் சீறியதும் மணிகள் மேலே வந்தன என்பது தலபுராணம். குருநானக் வந்தபோது மூழ்கிய ரொட்டிகள் வெந்து மிதந்தன என்பது சீக்கியர் மரபு. 1905 காங்ரா நிலநடுக்கத்துக்குப் பிறகு மணிகள் வருவது நின்றுபோனது என்று ஊரார் சொல்வார்கள். மணியை நம்புவது அவரவர் பக்தி. நிலம் குலுங்கினால் பிளவுகள் அடைபடும், புதிதாகத் திறக்கும், ஊற்றின் வேகம் மாறும் என்பது மட்டும் உலகெங்கும் கண்ட உண்மை.

இங்கே இறங்கிக் குளிக்கும் எண்ணத்தோடு ஊற்றுக்கண்ணில் கைவைத்துவிடாதீர்கள், தோல் வெந்துவிடும். குளிர்ந்த நீர் கலந்த குளியல் குளங்கள் தனியாக இருக்கின்றன. வெந்நீர் ஊற்றுள்ள இன்னொரு இடமான, மணாலிக்கு மேலே உள்ள வசிஷ்ட் கிராமத்தில், மரவேலைப்பாடு மிகுந்த கோயிலை ஒட்டி ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் குளம். எங்கே குளித்தாலும் சோப்பு வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் அமிழ்ந்து கிடக்கவும் வேண்டாம். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே இறங்குவது நல்லது.

சிம்லாவிலிருந்து கிளம்புகிறவர்கள் தத்தாபானி வழியாக வரலாம். அங்கே சட்லெஜ் மணலைக் கையால் தோண்டினாலே வெந்நீர் ஊறிய காலம் ஒன்று இருந்தது. 800 மெகாவாட் கோல்டாம் அணையின் நீர்த்தேக்கம் அந்தக் கரையை மூழ்கடித்துவிட்டது. பிறகு ஆழ்துளை போட்டு வெந்நீரை மேலே கொண்டுவந்து தொட்டிகளில் விட்டிருக்கிறார்கள். மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனாலும் அது ஈடாகாத இழப்பு என்றே நினைக்கிறேன். அந்த வெந்நீரிலிருந்தே மின்சாரம் எடுக்கும் வழியும் உண்டு. மணிகரணில் 5 கிலோவாட் சோதனை நிலையம் ஒன்று இயங்கியது. வெந்நீரின் சூட்டில், எளிதில் ஆவியாகும் வேறொரு திரவத்தைக் கொதிக்கவைத்துச் சுழலியைச் சுற்றும் முறை. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் முதலில் ஒரு மெகாவாட் எடுக்க ஓஎன்ஜிசி 2021இல் ஒப்பந்தம் போட்டது.

மழைக்காலத்தில் மட்டும் போகாதீர்கள். வெந்நீருக்கு வழிவிடும் அதே உடைந்த பாறைதான் ஜூலை, ஆகஸ்டில் சாலை மேல் சரிகிறது. 2023 ஜூலை வெள்ளத்தில் குலு பகுதிச் சாலைகள் பல இடங்களில் அறுந்தே போயின. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை வானம் தெளிவாக இருக்கும், ஆறும் அடங்கியிருக்கும். புந்தரிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் காசோல் சாலையில் வண்டிகள் நகராது.