கரண்ட்டைக் கவ்வும் கிளிப்!

பேச்சிலர் ரூம்ல நட்பு உடையறதுக்குக் காரணம் காதலோ, கடனோ இல்லை பாஸ்... கரண்ட் பில்! 'எல்லாம் உன் ஏ.சி-யாலதான்', 'உன் ஹீட்டராலதான்'னு ஆரம்பிக்கும் பஞ்சாயத்துக்கு ஒரு நடுவர் வேணும்ல? அதுதான் எனர்ஜி மானிட்டர்.

லேப் மல்டிமீட்டரைத் தூக்கிக்கிட்டு மெயின் பக்கம் போயிடாதீங்க. அது பெரும்பாலும் 10 ஆம்பியர்தான் தாங்கும். அதுக்கும் வயரைப் பிரிச்சு நடுவுல இணைக்கணும். ஆனா, 2,000 வாட் கீஸர் ஒண்ணே 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். கூடவே 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, 1,500 வாட் ஏ.சி. ஓடினா கிட்டத்தட்ட 24 ஆம்பியர்!

இங்கேதான் 'கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்', சுருக்கமா சி.டி. வருது. பார்க்க துணி கிளிப் மாதிரி இருக்கும். வயரை வெட்டாம, இன்சுலேஷன் மேலேயே கவ்விக்கும். வயரில் ஓடும் மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலம், கிளிப்புக்குள்ள இருக்கிற காயிலில் குட்டி கரண்ட்டை உருவாக்கும். பிரபலமான ஒரு மாடலில் 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் கிடைக்கும். அதாவது 2,000-ல் ஒரு பங்கு. அதை 33 ஓம் ரெசிஸ்டர் வழியா அனுப்பினா 1.65 வோல்ட். ஆர்டுயினோ போர்டு படிக்க இது போதும்.

பலரும் சறுக்கும் இடங்கள்...

* பேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்துக் கவ்வினா ரீடிங் பூஜ்யம்தான். எதிரெதிரா ஓடுற கரண்ட் ஒண்ணையொண்ணு அடிச்சிடும். பேஸை மட்டும் கவ்வணும். த்ரீ பேஸ் வீடுன்னா மூணு கிளிப்!

* ரெசிஸ்டர் மாட்டாத சி.டி-யை ஓடுற லைன்ல கவ்வாதீங்க. அதன் முனைகளில் ஆபத்தான வோல்டேஜ் எகிறலாம்.

* ஆம்பியரை 230-ஆல் பெருக்கினா வர்றது தோராய வாட்தான். மோட்டார், ஃபேன் மாதிரி சமாச்சாரங்களுக்கு பவர் ஃபேக்டர் குறுக்கே வரும். துல்லியம் வேணும்னா வோல்டேஜையும் சேர்த்து அளக்கணும்.

இன்னொண்ணு... மீட்டர் சீலைத் தொடவே கூடாது. டி.பி. பாக்ஸைத் திறக்கணும்னா மெயினை ஆஃப் பண்ணிட்டு, வயர்மேனை வச்சே கிளிப்பை மாட்டுங்க. புராஜெக்ட் மார்க்கைவிட உயிர் பெருசு.

சரி, தீர்ப்பு? மெயின்ல மாட்டின கிளிப்புக்கு மொத்தக் கணக்குதான் தெரியும், ஆளைத் தெரியாது. ஒவ்வொரு சாதனமா ஆன் பண்ணி, ரீடிங் எவ்வளவு ஏறுதுன்னு எழுதிவையுங்க. எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு பெருக்குங்க. 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். யாரைத் திட்டுறதுன்னு அப்புறம் முடிவு பண்ணலாம்... அது நீங்களாகவும் இருக்கலாம்!