திருப்பம் ஏன் பிடிக்கிறது?

குற்றத் தொடர் பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. முதல் அத்தியாயம் முடிவதற்குள் ‘இவன்தான் செய்திருப்பான்’ என்று ஒருவரைக் கைகாட்டிவிடுவார்கள். கணிப்புச் சரியாக வந்தால் ‘இவ்வளவுதானா’ என்று சலித்துக்கொள்வார்கள். பிழைத்துவிட்டால் அடுத்த நாள் காண்பவர்களிடமெல்லாம் அந்தத் தொடரைப் பார்க்கச் சொல்லுவார்கள். நானும் அப்படித்தான். ஏமாந்துபோவதில் எங்களுக்கு ஏன் இத்தனை சந்தோஷம்?

2013இல் பிரித்தானியாவின் ஐ.டி.வி. ஒளிபரப்பிய ‘புரோட்சேர்ச்’ தொடரை வைத்து இதை விளக்கலாம். (முடிவைச் சொல்லாமல் எழுத முடியாது, பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.) கிறிஸ் சிப்னல் எழுதிய முதல் சீசனில் எட்டு அத்தியாயங்கள். சிறிய கடற்கரை நகரம் ஒன்றில் 11 வயதுச் சிறுவன் டானியின் சடலம் கிடைக்கிறது. வெளியூரிலிருந்து வந்த அலெக் ஹார்டியும் உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி எல்லி மில்லரும் விசாரிக்கிறார்கள். தகப்பன், பாதிரியார், பத்திரிகைக் கடைக்காரர் என்று சந்தேகம் ஊரைச் சுற்றி வருகிறது. கடைசியில் பார்த்தால், கொலையாளி எல்லியின் கணவன் ஜோ.

ஜோ எங்கும் ஒளிந்திருக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே வீட்டில் பிள்ளை பார்த்துக்கொண்டு எங்கள் கண்முன்னே நிற்கிறான். விசாரிப்பவரின் வீடு விசாரணைக்கு வெளியே இருக்கும் என்று நாங்களே முடிவுசெய்துவிட்டதால் அவனைக் கவனிக்கவில்லை. கணவன் செய்த குற்றம் உனக்கு எப்படித் தெரியாமல் போனது என்று எல்லி இன்னொரு பெண்ணிடம் கேட்கும் காட்சியும் வருகிறது. அதே கேள்வியைப் பின்னர் டானியின் தாய் எல்லியிடம் கேட்கிறார்.

நல்ல திருப்பத்தின் இலக்கணம் இதுதான். கதாசிரியர் பொய் சொல்லக்கூடாது. துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயங்கள் வாசகருக்கும் கிடைக்கவேண்டும் என்று துப்பறியும் கதைகளுக்கு 1929இல் விதி எழுதினார் ரொனால்ட் நொக்ஸ். தடயம் எதுவுமில்லாமல் கடைசி நிமிடத்தில் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அதிர்ச்சி வரும்; கூடவே கோபமும் வரும்.

அதிர்ச்சி மட்டும்தான் காரணம் என்றால் முடிவு தெரிந்த கதை சுவைக்காது. ஆனால், கலிபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முடிவை முன்கூட்டியே அறிந்தவர்கள் சிறுகதைகளைச் சற்றுக் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஆமோதிக்கவில்லை. ஆனாலும், பழைய காட்சிகளை மீண்டும் நினைத்துப் பார்த்து ‘அட, இதற்காகத்தான் அது’ என்று பொருத்திப் பார்ப்பதில் பெரிய இன்பம் இருப்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

அந்த இன்பத்துக்குள் ஒரு வாக்குறுதி இருக்கிறது. எவ்வளவு சுற்றிவளைத்தாலும் என்ன நடந்தது என்பது கடைசியில் தெரியவரும். போர் நடந்த ஊர்களில் செய்தி சேகரிக்கப் போகும்போது இதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவர்கள் கேட்டதும் இதைத்தான்: பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? எட்டாவது அத்தியாயத்தில் கிடைத்துவிடும் பதிலுக்காக இங்கே பெற்றோர் காத்திருந்தே இறந்துபோயிருக்கிறார்கள்.

2015இல் வந்த ‘புரோட்சேர்ச்’சின் இரண்டாம் சீசன் அந்த வாக்குறுதியிலும் கைவைத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்ட ஜோ, நீதிமன்றத்தில் தான் நிரபராதி என்கிறான். அவன் காவலில் இருந்தபோது எல்லி அவனைத் தாக்கியிருந்தார். அதைக் காட்டி எதிர்த்தரப்பு வாதிட, வாக்குமூலம் சான்றிலிருந்து நீக்கப்படுகிறது. ஜூரிகள் அவனை விடுவிக்கிறார்கள்.

பார்க்கிறவருக்குக் கோபம் வரும். உண்மைதானே, ஏன் வாக்குமூலத்தை ஒதுக்குகிறார்கள்? ஆனால், இந்த விதி எதற்காக இருக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் சாதாரணச் சட்டத்திலும் பொலிஸாரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திலிருந்து மேலுள்ள அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க வழிசெய்தது. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலங்கள் என்று நீதிமன்றங்களில் எத்தனையோ தமிழ்க் கைதிகள் முறையிட்டார்கள். திரையில் ஜோதான் கொலையாளி என்பது எங்களுக்கு முன்பே தெரியும். நிஜத்தில் யாருக்கும் அப்படி முன்கூட்டித் தெரியாது. அடித்து வாங்கிய பதில் உண்மையாக இருக்கவேண்டியதும் இல்லை.

விமர்சகர்கள் பலருக்கு இரண்டாம் சீசன் முதலாவதைப் போலப் பிடிக்கவில்லை. திருப்பத்துக்காக முதலாவதைப் பார்ப்பவர்கள் அதோடு நிறுத்திவிடாமல் இதையும் பார்க்கவேண்டும் என்பேன். கொலையாளி யார் என்று தெரிந்துகொள்வதற்கும் நீதி கிடைப்பதற்கும் இடையிலுள்ள தூரத்தை அது காட்டுகிறது.